கொள்ளில் கிடைத்த பத்தெழுத்து

கேள்வி: எம்.எஸ்சி. உயிர்தகவலியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் திருநெல்வேலிப் பக்கம். அம்மாவுக்கு 46 வயது. நான்கு மாதத்துக்கு முன் இடது மார்பில் கட்டி. பயாப்சியில் ட்ரிபிள் நெகட்டிவ் மார்பகப் புற்றுநோய் என்று வந்தது (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகளும் மிகுதியான ஹெர்2 புரதமும் இல்லாத வகை). ஆபரேஷனுக்கு முன்னால் கீமோ கொடுக்கிறார்கள், பாதி முடிந்திருக்கிறது. என் புராஜெக்டுக்காகக் கொள்ளில் உள்ள ஒரு புரதத்தைக் கணினியிலேயே நொதிகளால் வெட்டி, கிடைத்த துண்டுகளை, செல்லை வளரத் தூண்டும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற புரதத்தோடு டாக்கிங் செய்தேன், அதாவது எவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்று கணினியில் கணக்கிட்டேன். பத்து அமினோ அமிலம் கோத்த குட்டிச் சங்கிலியான ஒரு பெப்டைடுக்கு மைனஸ் 9.8 வந்தது (எண் கீழே போகப் போக ஒட்டுவது இறுக்கம்). ஒப்பிட எடுத்த, இ.ஜி.எஃப்.ஆரைத் தடுக்கும் எர்லோட்டினிப் மருந்துக்கு மைனஸ் 7.1தான். இதை மருந்தாக்க யாரைப் பார்க்க வேண்டும், சார்? எவ்வளவு நாளாகும்? தேனீ விஷத்திலுள்ள பெப்டைடு இந்தப் புற்றுநோயை ஒரு மணி நேரத்தில் கொல்கிறது என்ற செய்தியை மாமா அனுப்பினார். ஆன்லைனில் பெப்டைடு ஊசி கிடைக்கிறதாம், வாங்கிப் போடலாமா என்கிறார். அதுவரை அம்மாவுக்குக் கொள்ளாவது கொடுக்கலாமா? பெயர் வெளியிட வேண்டாம், சார்.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு பேர் சேர்ந்து எழுதியது போலிருந்தது. ஒருவர் புராஜெக்ட் செய்யும் மாணவி, இன்னொருவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும் மகள். இருவருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் இருவருக்கும் கெடுதல். மகளுக்கு முதலில் சொல்கிறேன், அங்கேதான் காலண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் புற்றுநோய் மருத்துவர் இல்லை. பெப்டைடு வேதியியலில் 26 வருடம் வேலை பார்த்த ஆள். சிகிச்சை சம்பந்தமாகக் கீழே எழுதியிருப்பதைப் புற்றுநோய் மருத்துவரான ஒரு தோழியிடம் காட்டிய பிறகே அனுப்புகிறேன். ஆனாலும் உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டைப் பார்க்காதவர்கள்தான் நாங்கள் இருவரும். கடைசி வார்த்தை அங்கே பார்க்கிற டாக்டருடையது.

ஆன்லைன் ஊசி வேண்டாம். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. அந்தச் சின்னக் குப்பிகளில் பெரும்பாலும் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். நாளைக்கு ஏதாவது ஆனால் விற்றவர் தப்பித்துக்கொள்ள வைத்திருக்கும் கதவு அது. உள்ளே இருக்கும் வெள்ளைப் பொடி லேபிளில் சொன்ன பெப்டைடுதானா, எவ்வளவு சுத்தம், கிருமி நீக்கியதா, பாக்டீரியா நச்சு கலந்திருக்கிறதா, எதற்கும் பதில் சொல்ல ஆள் கிடையாது. நல்ல உடம்புக்கே அது ஆபத்து. உங்கள் அம்மாவுக்கோ ஒவ்வொரு சுற்றுக் கீமோவுக்குப் பிறகும் சில நாட்கள் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அந்த நாட்களில் சுத்தமில்லாத ஒரு ஊசி ரத்தத்தில் கிருமியை இறக்கிவிட்டால் எதிர்த்து நிற்க உடம்பில் படை இருக்காது. சொல்ல மறப்பதற்குள் இதையும் சொல்லிவிடுகிறேன்: கீமோ காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், மாத்திரை போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மாமா அனுப்பிய தேனீ செய்தி பொய் இல்லை. அதனால்தான் அதை மறுப்பது கஷ்டம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஹாரி பெர்கின்ஸ் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே கியாரா டஃபி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2020 செப்டம்பரில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெர்த், அயர்லாந்து, இங்கிலாந்து மூன்று இடங்களிலிருந்தும் தேனீயும் பம்பிள் தேனீயுமாக 312 பூச்சிகளின் விஷத்தை எடுத்துச் சோதித்தார்கள். தேனீ விஷத்திலுள்ள மெலிட்டின் என்ற பெப்டைடு ட்ரிபிள் நெகட்டிவ் செல்களையும் ஹெர்2 என்ற வளர்ச்சிப் புரதம் மிகுந்த செல்களையும் 60 நிமிடத்துக்குள் கொன்றது. பம்பிள் தேனீயின் விஷத்துக்கு அந்த வேலை தெரியவில்லை. தேனீயே இல்லாமல் செயற்கையாகச் செய்த மெலிட்டினும் கொன்றது. எலிகளில் டோசிடாக்செல் என்ற கீமோ மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது கட்டி வளர்வது குறைந்தது. நல்ல ஆராய்ச்சி, நானே ரசித்துப் படித்தேன்.

செய்தியில் விட்டுப்போனது என்னவென்றால், மெலிட்டின் எப்படிக் கொல்கிறது என்பது. 26 அமினோ அமிலம் கொண்ட அந்தச் சங்கிலி செல்லின் சவ்வில் போய்ப் படுத்து ஓட்டை போடுகிறது. புற்றுநோய் செல்லின் சவ்வில் மட்டும் ஓட்டை போடு என்று அதனிடம் சொல்லிவைக்க முடியாது. அளவு ஏறினால் ரத்தச் சிவப்பணுவையும் உடைக்கும். சிவப்பணு உடைகிறதா என்று பார்க்கும் சோதனைகளில், உடைப்பது எப்படி இருக்கும் என்று காட்டவே மெலிட்டினைப் பலர் பயன்படுத்துகிறோம்! கண்ணாடித் தட்டில் அளவை நாம் தீர்மானிக்கிறோம். நரம்பில் ஏற்றினால் கட்டியைச் சென்று சேர்வதற்குள் அது வழியில் பார்க்கிற எல்லாவற்றையும் தொடும். அதைக் கட்டிக்கு மட்டும் கொண்டுபோக என்ன செய்யலாம் என்றுதான் ஆய்வாளர்கள் இப்போது மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, ஊசி வேண்டாம், தேனீயையே கொட்டவிட்டால் என்ன என்று அடுத்துக் கேட்பார்கள். அப்படியும் சிகிச்சை என்று செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்பெயினில் 55 வயதுப் பெண் ஒருவர் இரண்டு வருடம் பிரச்சினையில்லாமல் தேனீ கொட்டும் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் கடும் ஒவ்வாமை வந்து, பிறகு இறந்துபோனார். 2018இல் மருத்துவ இதழில் வந்த விவரம் இது. முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை என்பது அடுத்த தடவைக்கு உத்தரவாதமில்லை.

மாமாவோடு சண்டை போடாதீர்கள். அவர் அக்காவுக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று தவிக்கிறார், கைக்குக் கிடைத்தது வாட்ஸ்அப். வேறு வேலை கொடுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எந்தெந்தச் செலவு சேரும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டுக் காகிதங்களைச் சேர்ப்பது, ரத்தம் தேவைப்பட்டால் ஆள் தயார் செய்வது, கீமோ நாளில் வண்டி ஏற்பாடு என்று எத்தனையோ இருக்கின்றன. அலைச்சலுக்கு அஞ்சாத ஒரு மாமா இருப்பது பெரிய பலம்.

கொள்ளு கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். டாக்டர் வேறு காரணத்துக்காகக் கட்டுப்பாடு சொல்லாதவரை, அம்மாவுக்குப் பிடித்தால் தாராளமாகக் கொடுங்கள். ரசம் வையுங்கள், சுண்டல் செய்யுங்கள். வாய்ப்புண் இருந்தால் மிளகைக் குறையுங்கள். ஆனால் உங்கள் பெப்டைடு அதன் வழியாக மார்புக்குப் போகும் என்று நினைத்து டம்ளர் டம்ளராகக் குடிக்கவைக்காதீர்கள். வயிற்றுக்குள் போன புரதத்தை அமிலமும் பெப்சினும் பிறகு குடல் நொதிகளும் சின்னச் சின்னதாக வெட்டிவிடும். உங்கள் புரோகிராமில் நீங்கள் வெட்டிய இடத்தோடு அவை நிற்காது. இன்சுலின் 1922 முதல் மருந்தாக இருக்கிறது, இன்னும் பெரும்பாலும் ஊசியாகவே போட்டுக்கொள்கிறோம், காரணம் இதுதான். பெப்டைடை மாத்திரையாக்குவதற்கு நிறையப் பாடுபட்டிருக்கிறார்கள். செமாக்ளூட்டைடு மாத்திரை வந்துவிட்டது உண்மை. உறிஞ்சவைக்கக் கூடவே ஒரு துணைப்பொருளைச் சேர்த்தும், விழுங்கியதில் நூற்றில் ஒரு பங்கு ரத்தத்துக்குப் போனாலே அதிகம்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது 46 வயது, ட்ரிபிள் நெகட்டிவ் என்ற இரண்டும்தான். இந்த வகைப் புற்றுநோய் இளம் வயதில் வந்தால் பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுக்களில் பிறவியிலேயே கோளாறு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இன்று வழக்கம். அம்மாவுக்கு அந்தச் சோதனை செய்தார்களா? ரிப்போர்ட் ஃபைலில் பாருங்கள், இல்லையென்றால் அடுத்த முறை போகும்போது கேளுங்கள். ரத்தமோ எச்சிலோ கொடுத்தால் போதும்.

இது இரண்டு விதத்தில் உதவும். கோளாறு இருந்தால் ஆபரேஷன் எவ்வளவு பெரிதாகச் செய்வது, பிறகு ஓலாபரிப் போன்ற மாத்திரை தேவையா என்பதெல்லாம் மாறக்கூடும். இரண்டாவது நீங்கள். அம்மாவுக்கு அந்தக் கோளாறு இருந்தால் உங்களுக்கு வந்திருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. அண்ணன் தம்பி இருந்தால் அவர்களுக்கும் அதே கணக்கு. பயமுறுத்தச் சொல்லவில்லை. இருபத்து மூன்று வயதில் தெரிந்துகொண்டால் எந்த வயதிலிருந்து எம்.ஆர்.ஐ. எடுப்பது என்று திட்டம் போடலாம், அவ்வளவே. மரபணு ஆலோசகரோடு பேசிவிட்டு முடிவெடுங்கள். கொள்ளுப் பெப்டைடைத் தேடிய அதே பெண்ணுக்கு, தன் வீட்டுக்குள்ளேயே தேட வேண்டிய உயிர்தகவல் ஒன்று இருக்கிறது.

இன்னும் ஒரு கேள்வியையும் குறித்துக்கொள்ளுங்கள்: கீமோவோடு பெம்புரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து அம்மாவுக்குப் பொருந்துமா? ஆரம்ப கட்ட ட்ரிபிள் நெகட்டிவுக்கு அதைச் சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்வில், ஆபரேஷனின்போது கட்டி அடையாளமே இல்லாமல் போயிருந்தவர்கள் 100க்கு 65 பேர் அளவுக்கு இருந்தார்கள். கீமோ மட்டும் பெற்றவர்களில் 51. விலை மிக அதிகம், பக்கவிளைவுகளும் உண்டு, எல்லோருக்கும் சரிவராது. டாக்டர் வேண்டாம் என்றால் அதற்குக் காரணம் இருக்கும். அந்த 51ஐயும் கவனியுங்கள். பெயரில் மூன்று 'இல்லை' இருப்பதால் ட்ரிபிள் நெகட்டிவுக்கு மருந்தே இல்லை என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பழைய கீமோவே பாதிப் பேருக்குக் கட்டியைத் துடைத்துவிடுகிறது. அம்மாவுக்கு இப்போது ஏறிக்கொண்டிருப்பது அந்த மருந்து. சுற்று தவறாமல் முடிய வேண்டும், அதை விட்டுவிட்டு வேறு எதன் பின்னாலும் போகக் கூடாது.

இனி மாணவியோடு பேசுகிறேன். கொஞ்சம் கண்டிப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மைனஸ் 9.8 வந்த ராத்திரி நீங்கள் தூங்கியிருக்க மாட்டீர்கள். எனக்குத் தெரியும். ஆனால் எர்லோட்டினிபோடு அதை ஒப்பிட்டது சரியான ஒப்பீடு இல்லை. எர்லோட்டினிப் சின்ன மூலக்கூறு, எடை சுமார் 393. உங்கள் பத்தெழுத்துப் பெப்டைடு (ஒரு அமினோ அமிலத்தை ஒரு எழுத்து என்கிறேன்) அதைப் போல மூன்று மடங்கு இருக்கும். டாக்கிங் மதிப்பெண் தொடுகிற இடங்களைக் கூட்டிச் சொல்வது. பெரிய உருவம் அதிக இடத்தில் தொடும், மதிப்பெண் தானாக ஏறும். பல்லியைவிட உடும்பு சுவரில் நிறைய இடத்தைப் பிடிக்கும் என்பது போல. அதோடு, சின்ன மூலக்கூறுகளுக்காக எழுதிய புரோகிராமில் பெப்டைடைப் போட்டால் அது தடுமாறும். ஒவ்வொரு இணைப்பிலும் திரும்பக்கூடிய சங்கிலி அது, நூல் போல எத்தனையோ விதமாய் மடங்கும். பெப்டைடுக்கென்றே தனிக் கருவிகள் இருக்கின்றன, அவற்றில் போட்டுப் பார்த்தீர்களா?

இன்னொரு சங்கடம். எர்லோட்டினிப் உட்காரும் பள்ளம் இ.ஜி.எஃப்.ஆரின் உள்பக்கத்தில், அதாவது செல்லுக்குள்ளே இருக்கிறது. எர்லோட்டினிப் சவ்வைத் தாண்டி உள்ளே போய்விடும். பத்து அமினோ அமிலச் சங்கிலி பொதுவாகத் தானாக உள்ளே போகாது. நீங்கள் எந்தப் பகுதியில் டாக் செய்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. அதே பள்ளத்தில் என்றால், பூட்டுக்குச் சாவி சரியாக இருக்கிறது, ஆனால் பூட்டு வீட்டுக்குள் தொங்குகிறது. மேலும் ட்ரிபிள் நெகட்டிவ் நோயாளிகளிடம் இ.ஜி.எஃப்.ஆரைத் தடுக்கும் மருந்துகளை முன்பே சோதித்திருக்கிறார்கள். அந்தப் புரதம் இந்தக் கட்டிகளில் நிறைய இருந்தும், எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. ஆக, ஒட்டுகிறதா என்பதற்கு முன்னாலேயே 'ஒட்டி என்ன ஆகப்போகிறது' என்ற கேள்விக்கு நீங்கள் பதில் வைத்திருக்க வேண்டும்.

இன்று ராத்திரியே, காசு செலவில்லாமல், ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பெப்டைடிலுள்ள அதே பத்து அமினோ அமிலங்களை வரிசை மாற்றிக் கலைத்துப் போடுங்கள். அப்படி இருபது பெப்டைடு செய்து, அதே இடத்தில், அதே முறையில் டாக் செய்யுங்கள். அவற்றுக்கும் மைனஸ் 9.5, மைனஸ் 9.9 என்று வந்தால், உங்கள் வரிசைக்குச் சிறப்பு ஒன்றுமில்லை என்று அர்த்தம். கலைத்தவை எல்லாம் மைனஸ் 6இல் நிற்க, உங்களுடையது மட்டும் 9.8 என்றால் எனக்கு உடனே எழுதுங்கள். இதைச் செய்யாமல் வெளியாகும் டாக்கிங் கட்டுரைகள் நம் ஊரில் ஏராளம், அவற்றை நான் படிப்பதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது.

பத்தெழுத்துச் சங்கிலியில் ஒவ்வொரு இடத்திலும் 20 அமினோ அமிலங்களில் ஏதாவது ஒன்று வரலாம். மொத்தம் 10 லட்சம் கோடிக்கும் மேல் சாத்தியங்கள். இந்தக் கூட்டத்தில் வேலைக்கு ஆகும் ஒன்றைத் தேட, 1985இல் ஜார்ஜ் ஸ்மித் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸின் மேல்தோலில் பெப்டைடு நீட்டிக்கொண்டு நிற்கும்படி, அதன் மரபணுவை வைரஸுக்குள்ளேயே செருகினார். இப்படிச் சுமார் 100 கோடி விதமான வைரஸ்களை ஒரு சின்னக் குழாயில் வைத்துக்கொள்ளலாம். புற்றுநோய்ப் புரதத்தின் மேல் ஊற்றி, கழுவி, ஒட்டிக்கொண்டு நிற்பதை மட்டும் பெருக்கி, மறுபடி ஊற்றிக் கழுவுவார்கள். மூன்று நான்கு சுற்றில் நன்றாக ஒட்டும் பெப்டைடு கையில் இருக்கும், அதன் எழுத்து வரிசை வைரஸுக்குள்ளேயே எழுதியிருக்கும். 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. கணினியில் நீங்கள் செய்தது போன்ற தேடலை இவர்கள் நிஜமான புரதத்தின் மேல் தண்ணீரில் செய்கிறார்கள். அப்படிக் கிடைத்ததிலும் பெரும்பாலானவை மருந்தாவதில்லை.

எவ்வளவு நாளாகும் என்றீர்களே, மார்பகப் புற்றுநோயில் உண்மையாகவே மருந்தாகிவிட்ட ஒரு பெப்டைடின் கதையைச் சொல்கிறேன். அதுவும் உங்களுடையது போல பத்தெழுத்துதான். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, சூலகத்தையும் விரைகளையும் இயக்கும் சமிக்ஞை ஒன்றை அனுப்புகிறது. அது என்ன பொருள் என்று கண்டுபிடிக்க, ஆண்ட்ரூ ஷாலியின் குழு லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளின் ஹைப்போதலாமஸை இறைச்சிக்கூடங்களிலிருந்து வாங்கி அரைத்தது. போட்டிக்கு நின்ற ரோஜே கியமென் ஆடுகளின் மூளையை அரைத்தார். கிடைத்தது ஒரு மில்லிகிராமை எட்டாத அளவு. 1971இல் அதன் பத்து அமினோ அமில வரிசை தெரிந்தது, 1977இல் இருவருக்கும் நோபல்.

அந்த இயற்கைப் பெப்டைடை ஊசியில் போட்டால் சில நிமிடங்களில் பாதி காணாமல் போய்விடும், ரத்தத்திலுள்ள நொதிகள் வெட்டிவிடும். வேதியியலாளர்கள் ஆறாவது எழுத்தை மாற்றினார்கள். கண்ணாடியில் தெரியும் பிம்பம் போலத் திருப்பிய ஒரு அமினோ அமிலத்தை அங்கே வைத்தார்கள். இடக்கால் செருப்பு வலக்காலுக்கு எப்படிப் பொருந்தாதோ அப்படி நொதிக்கு அது பிடிபடாது. கடைசி எழுத்தையும் மாற்றினார்கள். பிறகு அதை உடம்பில் மெல்லக் கரையும் ஒரு சின்னக் குச்சிக்குள் அடைத்து, வயிற்றுத் தோலுக்கடியில் 28 நாளுக்கு ஒருமுறை வைக்கும்படி செய்தார்கள். அதுதான் கோசெரலின். வேடிக்கை என்னவென்றால், இயற்கைச் சமிக்ஞை விட்டுவிட்டு வந்தால் சூலகம் வேலை செய்யும். இது போல இடைவிடாமல் வந்துகொண்டே இருந்தால் அதைக் கேட்டுச் சூலகத்தை இயக்கும் பிட்யூட்டரி சுரப்பி சலித்துப்போய் காதை மூடிக்கொள்ளும், சூலகம் ஓய்ந்துவிடும். ஹார்மோனை நம்பி வளரும் மார்பகப் புற்றுநோய் உள்ள, மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு இன்று கொடுப்பது இதை. (உங்கள் அம்மாவின் கட்டி ஹார்மோனை நம்பி வளர்வதில்லை, அதனால் இது அவருக்கான மருந்து இல்லை.) வரிசை தெரிந்தது 1971, அமெரிக்காவில் முதல் அனுமதி 1989, அதுவும் ஆண்களின் புராஸ்டேட் புற்றுநோய்க்கு. பதினெட்டு வருடம். இது வெற்றிக் கதை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தோற்ற கதையும் வேண்டும். ஹெர்2 புரதத்திலிருந்து ஒன்பது அமினோ அமிலத் துண்டு ஒன்றை எடுத்து, உடம்பின் காவல் செல்களுக்குக் காட்டிப் பழக்கினால் புற்றுநோய் திரும்பி வராமல் தடுக்கலாம் என்று நினைத்தார்கள். நெலிபெபிமட் என்ற தடுப்பூசி. சிறிய ஆய்வுகளில் நம்பிக்கை தந்தது. 758 பெண்களை வைத்து மூன்றாம் கட்ட ஆய்வு நடந்தது. 2016இல் இடையில் கணக்குப் பார்த்தபோது பலனில்லை என்று தெரிந்து நிறுத்திவிட்டார்கள். அந்த யோசனை சாகவில்லை, ஹெர்2வின் வேறொரு ஒன்பதெழுத்துத் துண்டை வைத்து இன்னும் முயல்கிறார்கள். ஆனால் அந்தத் துண்டுக்கு அறிவியல் அடிப்படையும் ஆய்வகச் சான்றும் மனிதர்களில் ஆரம்பத் தரவும் இருந்தும் கடைசியில் கைவிட்டது. உங்கள் பெப்டைடு இன்னும் கணினித் திரையை விட்டே இறங்கவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த பெப்டைடு வேறொன்று. யாரும் அதைப் பெப்டைடு மருந்து என்று சொல்வதே இல்லை. டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் என்று ஒரு மருந்து, ஹெர்2 உள்ள மார்பகப் புற்றுநோய்க்கு 2019இல் வந்தது. ஹெர்2வைத் தேடிப் போகும் பெரிய எதிர்ப்புரதத்தில் கடுமையான கீமோ மூலக்கூறுகளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். கட்டியிருக்கும் கயிறு நான்கு அமினோ அமிலம்: கிளைசின், கிளைசின், ஃபினைல்அலனின், கிளைசின். ரத்தத்தில் அந்தக் கயிறு பெரும்பாலும் அறுவதில்லை. புற்றுநோய் செல் மருந்தை விழுங்கியதும், உள்ளே குப்பை அரைக்கும் அறையிலுள்ள நொதிகள் கயிற்றை வெட்ட, கீமோ அங்கே அவிழ்ந்து விழுகிறது. நொதி வெட்டிவிடும் என்றுதானே இவ்வளவு நேரம் புலம்பினோம்? அந்தப் பலவீனத்தையே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். நான்கே எழுத்து!

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? கலைத்துப்போட்ட சோதனையில் உங்கள் வரிசை தப்பிப் பிழைத்தால், பெப்டைடு செய்து தரும் கம்பெனிகள் இருக்கின்றன. பத்தெழுத்துக்கு அதிகம் ஆகாது, சில ஆயிரம் ரூபாயில் தொடங்கும். உங்கள் வழிகாட்டி மனது வைத்தால் துறை நிதியிலேயே முடியும். உங்களுடையதோடு கலைத்துப்போட்ட ஒன்றையும் கட்டாயம் வாங்குங்கள். 95 சதவீதச் சுத்தம் கேளுங்கள், மூலக்கூறின் எடையைக் காட்டும் நிறைமாலை (மாஸ் ஸ்பெக்ட்ரம்) அறிக்கையைக் கேட்டு வாங்கி நீங்களே படியுங்கள். ட்ரிபிள் நெகட்டிவ் சோதனைக்கு எம்.டி.ஏ-எம்.பி-231 செல்கள் புனேயிலுள்ள தேசிய செல் அறிவியல் மையத்தில் கிடைக்கும். 1973இல் ஹூஸ்டனில் 51 வயதுப் பெண் ஒருவரின் நுரையீரல் உறையில் சேர்ந்த நீரிலிருந்து எடுத்த செல்கள் அவை, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. கூடவே புற்றுநோய் அல்லாத மார்பகச் செல் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே அளவில் கொன்றால் அதன் பெயர் விஷம்.

இந்த இடத்தில் என் மானம் போன கதை ஒன்று. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், நான் செய்த பெப்டைடு செல்களை அழகாகக் கொன்றது. ஆய்வகம் முழுக்க இனிப்புக் கொடுத்தேன். கலைத்துப்போட்ட பெப்டைடையும் சோதிக்கச் சொன்னார் மூத்தவர் ஒருவர். அதுவும் அதே அழகோடு கொன்றது. பெப்டைடை, அதைக் கோத்து வளர்க்கும் பிசினிலிருந்து பிரிக்கவும் சுத்தம் செய்யவும் டிரைஃப்ளூரோ அசெட்டிக் அமிலம் பயன்படுத்துவோம். அது உப்பாகப் பெப்டைடோடு ஒட்டிக்கொண்டே வரும். என் செல்களைக் கொன்றது அந்த மிச்சம். ஆகையால் வாங்கும்போது அசெட்டேட் உப்பாகவோ ஹைட்ரோகுளோரைடு உப்பாகவோ மாற்றித் தரச் சொல்லுங்கள். இனிப்பை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

செல் சோதனையில் ஏதாவது தெரிந்தால் சீரத்தில் (ரத்தத்தின் தெளிநீரில்) எத்தனை நிமிடம் தாங்குகிறது, சிவப்பணுவை உடைக்கிறதா, நிஜமாகவே இ.ஜி.எஃப்.ஆரில்தான் ஒட்டுகிறதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். அது பிஎச்.டி. அளவு வேலை. ஒன்றும் தெரியாவிட்டாலும் அந்தத் தரவோடு எழுதிய எம்.எஸ்சி. ஆய்வேடு, வெறும் மைனஸ் 9.8ஐ மட்டும் காட்டும் ஆய்வேட்டைவிட எனக்கு மதிப்பானது. நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருப்பவளாகச் சொல்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்த புராஜெக்டை அம்மாவின் நோயோடு முடிச்சுப் போடாதீர்கள். அவருடைய சிகிச்சை சில மாதங்களில் முடியும், உங்கள் பெப்டைடு அதற்குள் ஒரு எலியைக்கூடப் பார்க்காது. முடிச்சுப் போட்டுவிட்டால் ஒவ்வொரு தோற்ற சோதனையும் அம்மாவைக் கைவிட்டது போல வலிக்கும். அந்த வலியோடு எண்களைப் பார்க்கிறவர்கள், தெரியாமலேயே, நல்ல எண்ணை மட்டும் பொறுக்க ஆரம்பிப்பார்கள். வேறு புற்றுநோய், வேறு புரதம் என்று தலைப்பை மாற்றிக்கொள்ளலாமா என்று வழிகாட்டியிடம் கேட்டாலும் தப்பில்லை. பரீட்சையைத் தள்ளிப்போட வேண்டியிருந்தால் அதையும் கேளுங்கள்.

அடுத்த கீமோவுக்குப் போகும்போது மூன்று கேள்வியையும் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: பி.ஆர்.சி.ஏ. சோதனை, பெம்புரோலிசுமாப், காய்ச்சல் வந்தால் ராத்திரியில் கூப்பிட வேண்டிய போன் நம்பர். கலைத்துப்போட்ட இருபதுக்கும் என்ன மதிப்பெண் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். எது வந்தாலும் எழுதுங்கள்.

பின்குறிப்பு: கடிதம் முழுக்க 'சார்' என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் மேடம். பரவாயில்லை, 26 வருடத்தில் பழகிவிட்டது.